வாடகை இல்லாத வீட்டின் விலை

பாளையங்கோட்டை பெருமாள்புரத்திலோ தியாகராஜ நகரிலோ வீடு தேடிச் செல்பவரிடம் தரகர் கேட்பது, "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்பதுதான். சில லட்சம் ரூபாயை உரிமையாளரிடம் மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, தவணை முடிந்ததும் அதே தொகையைத் திரும்பப் பெறுவது ஒத்தி. தாமிரவருணிப் பாசனத்தில் நன்செய்யை ஒத்திக்குப் பெற்றவர், வட்டிக்குப் பதிலாக விளைச்சலை எடுத்துக்கொள்வார். வீட்டுக்கும் அதே கணக்குத்தான்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்கிறேன். மாதம் 6,000 ரூபாய் வாடகை பெறக்கூடிய வீடு 6 லட்சம் ரூபாய்க்கு ஒத்திக்கு விடப்படுவதாகக் கொள்வோம். குடியிருப்பவருக்கு ஆண்டுக்கு 72,000 ரூபாய் மிச்சம். அதாவது 12 சதவீதம். வங்கி வைப்பு இவ்வளவு தராது. உரிமையாளரோ வெளியில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டிக்குக் கடன் வாங்கினால் 24 சதவீதம் கொடுக்க வேண்டும். ஒத்தியில் அதில் பாதிதான். இருவருக்கும் ஆதாயம் என்பதால்தான் இந்த வழக்கம் நிலைத்திருக்கிறது.

ஆனால், இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஒத்திக்கு வந்தவர் வெறும் குடித்தனக்காரர் அல்லர், கடன் கொடுத்தவர். அவர் கொடுத்த பணம் பெட்டியில் இருப்பதில்லை. திருமணத்துக்கோ தொழிலுக்கோ இன்னொரு வீட்டுக்கோ செலவாகிவிடுகிறது. அடுத்து வருபவரின் பணத்தைக் கொண்டே முன்னவருக்குத் திருப்பித் தரப்படுகிறது. அடுத்தவர் வராவிட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

தென் கொரியாவில் 'சோன்சே' என்ற பெயரில் இதே முறை பெரிய அளவில் நடைமுறையில் உள்ளது. 2022-இல் வட்டி விகிதம் உயர்ந்து வீட்டு விலை சரிந்தபோது, முன்பணத்தைத் திருப்பித் தர முடியாத உரிமையாளர்களால் பல இளைஞர்கள் சேமிப்பை இழந்தனர். பாதிக்கப்பட்டோருக்காக 2023-இல் அந்த நாடு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இதனைச் சுவாதீன அடமானமாக ஏற்கிறது; தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பதிவு கட்டாயம். முத்திரைத் தீர்வைக்கு அஞ்சிப் பலர் 11 மாத வாடகை ஒப்பந்தம் போலச் சாதாரணத் தாளில் எழுதிக்கொள்கின்றனர். வீட்டின் மீது ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி ஏலம் வந்தால் இந்தத் தாள் காப்பாற்றாது. பதிவு பெறாத குத்தகையைக் காட்டி ஓராண்டுக்கு மேல் உரிமை கோர முடியாது என்று 2019-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவரை முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. மேற்சொன்ன ஒத்தித் தொகையோ நூறு மாத வாடகை!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரவருணி கரைபுரண்டு நெல்லையின் தெருக்களில் புகுந்தது. அத்தகைய நேரத்தில் மாத வாடகைக்கு இருப்பவர் வேறு வீடு பார்த்துப் போய்விடலாம். வாழ்நாள் சேமிப்பை அந்தச் சுவர்களுக்குள் வைத்தவரால் அது இயலாது.

ஒத்தியைத் தடை செய்வது தீர்வாகாது. அது வங்கிக் கடன் எட்டாதவர்களின் நிதி ஏற்பாடு. சிறு வீடுகளின் ஒத்திப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையைப் பெயரளவுக்குக் குறைத்தால் பதிவு தானாகப் பெருகும். உரிமையாளர்கள் அதை வருமானமாக அல்லாமல் கடனாக எண்ணி, ஒரு பகுதியை வைப்பில் வைக்க வேண்டும். குடிவருபவரோ, வீட்டில் தண்ணீர் வசதியைப் பார்க்குமுன் வில்லங்கச் சான்றைப் பார்க்க வேண்டும்.