கணிப்பொறியும் கல்வராயன் மலையும்

சின்னசேலத்துக்கு வடமேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. கச்சிராயபாளையம் சென்று மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை. அதற்கும் அப்பால் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடக்கின்றன. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட தாய்க்கு அங்கே வேண்டியது என்ன? கூப்பிடு தூரத்தில் ஒரு செவிலியர். கீழே எத்தனை பெரிய மருத்துவமனை இருந்தாலும் அந்த நேரத்தில் அது தொலைவுதான்.

வேலை தேடும் செவிலியரையும் ஆள் தேடும் மருத்துவமனையையும் கணிப்பொறி இணைத்து வைத்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் மாநிலத்தில் இதற்கென்றே 2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. விண்ணப்பம் இணையம் வழியே போகிறது. ஆனால், இணைத்து வைக்கும் வேலைக்கும் ஓர் எல்லை உண்டு. அது கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது!

அமெரிக்காவில் 1952 முதல் புதிய மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் ஒரு பொது ஏற்பாட்டின் மூலம் இணைக்கிறார்கள். இரு தரப்பும் தத்தம் விருப்பப் பட்டியலைத் தருகின்றன. இத்தகைய இணைப்புக்கான கணித விளக்கத்தை டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இருவர் 1962-ல் வெளியிட்டனர். அதை நம் ஊரில் வைத்துப் பார்ப்போமா?

அமுதா, பானு, செல்வி என மூன்று செவிலியர். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், வெள்ளிமலை என மூன்று இடங்கள். இடத்துக்கு ஒரு வேலை. எல்லாம் கற்பனைதான். அமுதாவும் பானுவும் முதலில் கள்ளக்குறிச்சியையும் அடுத்துச் சின்னசேலத்தையும் எழுதுகிறார்கள். செல்விக்கு முதலில் சின்னசேலம், அடுத்துக் கள்ளக்குறிச்சி. வெள்ளிமலையை யாருமே எழுதவில்லை. கள்ளக்குறிச்சி பானுவையே அதிகம் விரும்புகிறது. அவரைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அமுதா சின்னசேலத்தைக் கேட்கிறார். அங்கே செல்வி ஏற்கெனவே இருக்கிறார். ஆனால் சின்னசேலத்தின் பட்டியலில் அமுதாதான் மேலே. ஆகவே செல்வி வெளியேறுகிறார். கள்ளக்குறிச்சியும் அவரைச் சேர்க்கவில்லை. முடிவில் செல்விக்கு வேலையில்லை, வெள்ளிமலைக்குச் செவிலியர் இல்லை! தாளில் எழுதிச் சரிபாருங்கள்.

செவிலியருக்குப் பதிலாக மருத்துவமனைகள் முதலில் அழைத்தால் நிலைமை மாறுமா? மாறாது. ஆல்வின் ராத் என்ற அறிஞர் 1986-ல் இதைப் பொதுவாகவே நிரூபித்தார். எந்த இணைப்பைக் கண்டு 'இதைவிட எங்களுக்கு வேறு நன்று' என்று ஒரு செவிலியரும் ஒரு மருத்துவமனையும் கூடிப் பேசி விலக முடியாதோ, அதுவே நிலையான இணைப்பு. அத்தகைய ஓர் இணைப்பில் காலியாக நிற்கும் இடம், அதே பட்டியல்களைக் கொண்டு வேறு எந்த நிலையான இணைப்பைச் செய்தாலும் காலியாகவே நிற்கும். இதற்குக் கணிதத்தில் வழங்கும் பெயரே 'கிராமப்புற மருத்துவமனைத் தேற்றம்' என்பதுதான். ராத்தும் ஷேப்லியும் 2012-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆக, கணிப்பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுத்த பட்டியலைத்தான் அது படிக்கும். மாற வேண்டியது பட்டியல்.

அதை எப்படி மாற்றுவது? எளிதில் சென்றடைய முடியாத பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு, மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம், 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் தர விதிகள் இடந்தந்தன. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் மதிப்பெண்ணுக்காக மலையேறியவர், மேற்படிப்பில் இடம் கிடைத்ததும் இறங்கிவிடக்கூடும் அல்லவா?

இதே மலையின் மேற்குப் புறம், தருமபுரி மாவட்டத்தில் சிட்லிங்கி என்ற பள்ளத்தாக்கு உள்ளது. 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் அங்கே ஒரு கூரைக் குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து செவிலியர் வருவாரா என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அவ்வூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி தந்தார்கள். அந்தப் பெண்களுக்கு அது தொலைதூர ஊர் அன்று, சொந்த வீடு. மக்கள் பேசும் பேச்சும் அவர்களுடையதே. கிராமப்புறங்களில் பிறந்து வளர்ந்தவர்களைத் தேர்ந்தெடுத்து மருத்துவத் துறைக்குப் படிக்க வைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2010-ல் பரிந்துரைத்ததும் ஏறக்குறைய இதையேதான். சிட்லிங்கி அதற்குப் பதினேழு ஆண்டுகள் முந்திக்கொண்டது!

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் 2020 முதல் உண்டு. இவற்றோடு, மாவட்டத்தின் செவிலியர் படிப்பில் மலையூர்ப் பெண்களுக்கென்று சில இடங்களையும், தங்கிப் படிக்க விடுதியையும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு உயிரியலும் வேதியியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் தவறாமல் கிடைக்க வேண்டும். அதுதான் முதல் வேலை. வெள்ளிமலையில் பிறந்த ஒரு செல்வி செவிலியராகி வரட்டும். அவர் தம் பட்டியலின் முதல் வரியில் எந்த ஊரை எழுதுவார்?