மோவாபும் நம்ம தேரியும்

இந்த வாரம் மனசு நிறைய ஒரு சந்தோஷம். அதை எழுதாமல் வேறு எதுவும் ஓடாது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், விடுமுறைக்கு மோவாப் என்ற ஊருக்கு மலை சைக்கிள் ஓட்டப் போயிருக்கிறான். யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில், ஐயாயிரம் பேர் போல வாழும் சிற்றூர். ஆனால் மலை சைக்கிள்காரர்களுக்கு அது திருத்தலம். செக்கச்சிவந்த பாறைமேல் நின்றபடி படம் அனுப்பிவிட்டு, போனில் அவன் சொன்ன முதல் வார்த்தை: "மாமா, இது அப்படியே நம்ம குதிரைமொழித் தேரி மாதிரில்லா இருக்கு!"

அந்த ஊரின் கதையை நம் கடற்கரைக்காரர்கள் கேட்க வேண்டும். 1952இல் சார்லி ஸ்டீன் என்பவர் அந்தப் பக்கம் யுரேனியம் கண்டார். சுரங்கமும் ஆலையுமாக ஊர் பெருத்தது. முப்பது வருஷத்தில் தொழில் படுத்துவிட்டது. 1984இல் ஆலை நின்றது. சனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் அங்கே ஒரு சைக்கிள் கடை திறந்திருந்தார்கள். ஸ்லிக்ராக் என்றொரு பாதை, மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக 1969இல் பாறைமேல் வெள்ளைக் கோடு போட்டுக் குறித்தது, சுமார் 17 கிலோமீட்டர். அதில் சைக்கிள் ஓட்ட வந்தவர்களால் ஊருக்கு மறுபடி உயிர் வந்தது. ஆலை விட்டுப்போன ஒரு கோடியே அறுபது லட்சம் டன் கழிவை மட்டும் ஆற்றங்கரையிலிருந்து அள்ளி அப்புறப்படுத்தும் வேலையை, அரசாங்கம் 2009இல் தொடங்கிப் பல வருஷம் செய்ய வேண்டியிருந்தது.

அவன் ஓட்டிய பாதைகளைப் பற்றி இன்னும் எழுதலாம். ஆனால் அவன் தேரி என்ற நம் செம்மணல் மேட்டின் பேரை எடுத்துவிட்டான். இனி எனக்கு மோவாப் எதற்கு?

தூத்துக்குடியிலிருந்து முக்காணியில் தாமிரபரணியைத் தாண்டி, ஆத்தூர், ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூர் போய், மேற்கே காயாமொழிப் பக்கம் திரும்பினால் மண்ணின் நிறம் மாறும். உப்பளத்து வெள்ளையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சிவப்பு முதலில் கூசும். கைநிறைய அள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு மணலும் படிகக்கல் துணுக்கு. இரும்புச்சத்து மேலே தோல் போலப் படிந்திருப்பதால் அந்தச் செம்மை. கறுப்பாக மின்னும் பொடி இல்மனைட். ஆயிரமாயிரம் வருஷமாகக் காற்று கொண்டுவந்து குவித்த மேடு இது. ஆடிக் காற்று இன்றைக்கும் அதன்மேல் வரிவரியாக எழுதிக்கொண்டிருக்கிறது.

மழை பெய்தால் தேரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது. அத்தனையும் மணலுக்குள் இறங்கி, அடிவாரத்தில் ஊற்றாக வெளிவரும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: சுற்றிலும் காய்ந்த செம்மணல், நடுவில் வற்றாத சுனை. சாயர்புரம் பக்கத்துத் தேரிகளில் ஆதிமனிதர்கள் செதுக்கிய நுண்கற்கருவிகள் கிடைத்தன. சுண்டுவிரல் நகம் அளவே இருக்கும் அந்தக் கல்துண்டுகளைப் பற்றி ஆல்ச்சினும் சாய்னரும் 1956இல் விரிவாக எழுதினார்கள். இப்படிப்பட்ட நிலத்தைத்தான் தரிசு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோம்.

இனி பனை. அதற்கும் சைக்கிள் வழியாகவே வருகிறேன். மலை சைக்கிள் பிறந்தது கலிபோர்னியாவின் டமால்பாய்ஸ் மலையில் என்பார்கள். 1970களில் அங்கத்து இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலையுச்சிக்கு ஏற்றி, மண்பாதையில் இறக்கிப் பந்தயம் விட்டார்கள். அது பெரிய விளையாட்டாகி, 1996 அட்லாண்டா ஒலிம்பிக் வரை போனது. அதே எழுபதுகளில் நம் பனையேறிகள் என்ன செய்தார்கள்? விடியுமுன் பனையேறி இறக்கிய பதநீரைக் கேரியரில் கட்டி, கியர் இல்லாத சைக்கிளில் தேரியைக் கடந்து கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்குக் கொண்டுசேர்த்தார்கள். மலை இறங்கியவனுக்குக் கோப்பை கிடைத்தது. மணல் கடந்தவனுக்கு அன்றைய கூலி கிடைத்தது. இருவர் காலிலும் இருந்த வித்தை ஒன்றுதான்.

அந்த வித்தையை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு முதிய பனையேறி. தேரி மணலில் சைக்கிளை உருட்ட முடியாமல் நான் நின்றதைப் பார்த்துவிட்டு, "தேரியோட மல்லுக்கட்டாதிய. ஈரங்கெடந்து மணல் எங்க எறுகிக் கெடக்கோ, அங்கன போங்க" என்றார். இன்றைக்கு விலை உயர்ந்த சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதுவே பாடம். டயரில் காற்றைக் குறைத்து, சின்ன கியரில், உடம்பைப் பின்னுக்கு வைத்து, சீராக மிதிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தேரி இறுகும். அதிகாலையில் இன்னும் நல்லது. உடைமுள் மட்டும் யாரையும் விடாது. பஞ்சர் ஒட்டும் சாமான் இல்லாமல் போகக் கூடாது.

இதையெல்லாம் இத்தனை அழுத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. டைட்டானியம் தரும் அந்தக் கறுப்பு இல்மனைட் பொடிக்கு விலை இருக்கிறது. 2007இல் சாத்தான்குளம் பக்கத்தில் டைட்டானியம் ஆலைக்காக நிலம் எடுக்கும் பேச்சு வந்தபோது, தேரிச் சனங்கள் எதிர்த்து நின்றார்கள். திட்டம் நின்றுபோனது. ஆனால் மண் இருக்கிறவரை அதன்மேல் கண்ணும் இருக்கும். எடுத்துத் தீர்ப்பது என்றால் என்னவென்று நம் கடற்கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொற்கைக் காலம் தொட்டு முத்துக்குப் பேர்போன நம் கடலின் சிப்பிப் பாரில், கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன்பிறகு குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி சேரவே இல்லை. பவளப்பாறையை வெட்டி வெட்டி, விலாங்குசல்லித் தீவே கடலுக்குள் போய்விட்டது. மோவாபின் யுரேனியம் முப்பது வருஷச் சோறு போட்டது. அதன் பாறை இன்னும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

தேரி முழுவதையும் சுற்றுலாத் தலமாக்கக் கேட்கவில்லை. ஜீப்பும் நாலு சக்கர மணல் வண்டிகளும் வந்தால் மேடு சிதையும், பனை வடலி நசுங்கும். நான் கேட்பது ஒரே ஒரு பாதை. பனையேறிகள் நடந்தும் மிதித்தும் பழகிய தடங்களில் ஒன்றை, வனத்துறையும் ஊர்ப் பஞ்சாயத்துகளும் சேர்ந்து கல் நட்டுக் குறிக்கட்டும். வழிகாட்டிகளாகத் தேரிப் பிள்ளைகளே இருக்கட்டும். பதநீர்க் காலத்தில் பாதையோரம் பனையோலைப் பட்டையில் பதநீர் விற்கட்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டிக்கு அதைவிட நல்ல கடைத்தெரு அமையாது. பனைக்கு வருமானம் இருந்தால், அதைச் செங்கல் சூளைக்கு விற்க யாருக்கும் மனசு வராது.

மணாலிக்கும் ஊட்டிக்கும் சைக்கிளைக் கட்டி அனுப்பும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளே, வரும் கார்த்திகையில் ஒருமுறை தேரிக்கு வாருங்கள். காட்டுப் பகுதிக்குள் போகுமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல்துண்டு எதையும் பொறுக்காதீர்கள், பிளாஸ்டிக் எதையும் விட்டுவராதீர்கள். திரும்பும்போது ஒரு கிலோ கருப்பட்டியாவது காசு கொடுத்து வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.