களைப்புக்குப் பெயர் சோம்பல் இல்லை

 

கிரானில் என்னோடு படிப்பிக்கிறவர்களும், என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும், ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கத்து என் சொந்தங்களும் வாசிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மாதத்துக்கு முன்பு உடம்பு குறைக்கும் சத்திரசிகிச்சை செய்தேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவு குழாயாக விடுகிற 'ஸ்லீவ்' ஓப்பரேஷன். இதை வெளியில் சொல்லும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் நடந்த விஷயம்தான் சொல்ல வைத்தது.

சஹனைச் சுற்றி இருந்தோம். நான் மூன்று பிடியோடு கையை எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு ராத்தா, "ஆள் மெலிஞ்சது சரி, முந்தின சுறுசுறுப்பு இல்லயே. காசக் குடுத்து வருத்தம் வாங்கின மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கை கழுவப் போன இடத்தில் ஒரு இளம் தாய் என் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், நானும் செஞ்ச. நாலு மாசம். படியேற ஏலாம இரிக்கி. வீட்டில சொன்னா நடிக்கிறன்டு சொல்றாங்க." இரத்தம் சோதித்தீர்களா என்று கேட்டேன். இல்லை. குளிசை போடுகிறீர்களா? முடிந்துவிட்டது, திரும்ப வாங்கவில்லை. கிளினிக்குக்குப் போனீர்களா? கொழும்புக்குத் திரும்பப் போக வீட்டில் யாரிடம் கேட்பது?

அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்ததுதான் அன்று இரவு முழுக்க என்னை உறுத்தியது.

உறவுகளே, ஓப்பரேஷனுக்குப் பிறகு வரும் களைப்பு நடிப்பும் இல்லை, சோம்பலும் இல்லை. முதல் மாதங்களில் ஒரு நாளைக்கு எங்களுக்குள் போகும் சாப்பாடு, வளர்ந்த ஒருவருக்குத் தேவையானதில் பாதிகூட இருக்காது. முதலில் தண்ணீர்ச் சாப்பாடு, பிறகு கூழ், பிறகு மென்மையான சாப்பாடு. மிச்சத்தை உடம்பு தன் கொழுப்பிலிருந்து எடுக்கிறது. புரதம் போதாவிட்டால் தசையையும் கரைத்து எடுக்கிறது. தசை கரைந்தவருக்குப் படியேறக் கால் வராது. இது கணக்கு. குணம் இல்லை.

ஆனால் "ஓப்பரேஷன் செய்தால் களைப்பாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பதும் பிழை. அந்தப் பிழையைச் செய்தவள் நான். ஆறாம் மாதப் பரிசோதனைக்கு நான் போகவில்லை. பாடசாலையில் தவணைப் பரீட்சை, கொழும்புக்கு இரவு பஸ், செலவு, லீவு என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். ஒரு நாள் மூன்றாம் பாடவேளையில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கண் இருட்டியது. கதிரையில் இருந்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டியது. என்னோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர் அன்றைய மிச்சப் பாடங்களைத் தான் எடுத்துக்கொண்டு, என்னை வைத்தியரிடம் அனுப்பிவிட்டுத்தான் விட்டார்.

இரண்டு காரணம் தெரிந்தது. ஒன்று, இரும்புச்சத்து. ஈமோகுளோபின் பார்க்கும்படி இருந்தது. ஆனால் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் 'பெரிட்டின்' அடிமட்டத்தில் கிடந்தது. கையில் செலவுக்குக் காசு இருக்கிறது, பெட்டகம் காலி என்பது போல. இரண்டாவது, பிரஷர் குளிசை. உடம்பு குறைந்ததோடு பிரஷரும் இறங்கிவிட்டது. நானோ பழைய அளவையே விழுங்கிக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழும்பும்போது தலைசுற்று. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அளவைக் குறைக்காவிட்டால் சீனி கீழே இறங்கிவிடும். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம். வைத்தியரிடம் கேட்டுக் குறையுங்கள்.

விற்றமின் பி12 இன்னொன்று. அதை உடம்பு உறிஞ்சத் தேவையான ஒரு பொருள் இரைப்பையில்தான் சுரக்கிறது. இரைப்பை சுருங்கினால் அதுவும் குறையும். அதனால் இந்த விற்றமின் குளிசைகள் மூன்று மாத மருந்து இல்லை, வாழ்நாள் மருந்து. இரத்தப் பரிசோதனையும் பொதுவாக 3, 6, 12 மாதங்களிலும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போட வேண்டாம். தொடர்ந்து வாந்தி, கால் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது இருந்தால் அது பி1 குறைபாடாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். ஓப்பரேஷன் செய்ததையும் அங்கே முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

இனி எங்கள் குசினிக்கு வருவோம். பொதுவாக ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான் இருக்கிறது. எங்களுக்கு வாவி மீன் இருக்கிறது, எருமைத் தயிர் இருக்கிறது, பருப்பு இருக்கிறது. முதல் வாய் மீனாக இருக்கட்டும், சோறு கடைசியில். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். தேயிலைச் சாயம் இரும்பைச் சேர விடாது. இரும்புக் குளிசையையும் கல்சியக் குளிசையையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்க ஏலாது, ஒரேயடியாகவும் குடிக்க ஏலாது. கச்சான் காற்று வீசும் நாட்களில் மிடறு மிடறாக நாள் முழுக்கக் குடித்தால்தான் தாங்கும். என் களைப்பில் பாதி, வகுப்பில் கத்திக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருந்ததால் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நோன்பைப் பற்றியும் பலர் உள்ளுக்குள் பயப்படுகிறார்கள். சூறத்துல் பகறாவில் நோயாளிக்குச் சலுகை தரப்பட்டிருக்கிறது. வேறு நாட்களில் பிடித்துக்கொள்ளலாம். முதல் ஆறு மாதம், ஒரு வருடம் பொறுக்கச் சொல்லும் வைத்தியர்கள் பலர். உங்கள் வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவெடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

"அப்படியென்றால் ஏன் செய்தீர்கள்?" என்பார்கள். என் வாப்பாவைச் சீனி வருத்தம் முதலில் காலிலும் பிறகு கண்ணிலும் பிடித்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். இன்று என் சீனி மருந்து இல்லாமல் கட்டுக்குள் இருக்கிறது. செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஓப்பரேஷன் மேசையோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தது என் அறியாமை. பந்தாட்டக்காரர் மரடோனாகூட 2005இல் கொலம்பியாவில் இரைப்பை பைபாஸ் செய்து, 2015இல் திரும்பவும் ஓப்பரேஷனுக்குப் போக வேண்டி வந்தது. பணமும் பேரும் இருந்தவருக்கே அப்படி.

ஆகவே கணவன்மாரே, மாமிமாரே, கொழும்புக்கு ஓப்பரேஷனுக்கு அனுப்ப முடிந்த உங்களுக்கு, பிறகு கிளினிக்குக்கு அனுப்பவும் முடியும். ஒவ்வொரு முறையும் கொழும்புதான் போக வேண்டும் என்றில்லை. வாழைச்சேனையிலோ மட்டக்களப்பிலோ உள்ள வைத்தியரிடம் ஓப்பரேஷன் துண்டைக் காட்டி, எந்தப் பரிசோதனைகளை இங்கேயே செய்யலாம் என்று கேளுங்கள். முதல் சில மாதம் அரிசி மூட்டையையும் தண்ணீர் வாளியையும் வேறு யாராவது தூக்கட்டும். கலியாண வீட்டில் ஒருவர் மூன்று பிடியோடு எழும்பினால் எழும்ப விடுங்கள்.

அந்தத் தங்கச்சி இதை வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை நான் இரத்தம் சோதிக்கப் போகிறேன். கூட வாருங்கள். மாமியிடம் நான் கதைக்கிறேன்.

அல்லாஹ் எல்லோருக்கும் ஆஃபியத்தைத் தரட்டும்.