புழுவுக்கு ஒரு பெயர்

கடற்கரைச் சேற்றில் நெளியும் புழுவுக்குப் பெயர் எதுவாயின் என்ன என்று கேட்போர் உளர். தூண்டிலில் கோத்தால் மீன் கடிக்கிறது. அது போதாதோ என்பர். போதாது என்பதே என் கருத்து.

உடலின் வளையந்தோறும் முள்மயிர் தாங்கிய கடற்புழு ஒன்றை, இங்கிலாந்தின் டெவன் கரையில் ஜார்ஜ் மாண்டகு என்னும் அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டு ஆராய்ந்தார். குருதி நிறத்தது எனப் பொருள்படும் 'சாங்குயினியா' என்னும் இலத்தீன் பெயரை அதற்கு இட்டார். பின்வந்தோர் அதனை 'மார்பைசா' என்னும் பேரினத்தில் சேர்த்தனர்; எனினும் அவர் இட்ட சிற்றினப் பெயர் மாறவில்லை.

அதன்பின் நிகழ்ந்ததே விந்தை. ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதனை ஒத்த புழு கிடைத்தபோதெல்லாம் அதற்கும் இப்பெயரே வழங்கலாயிற்று. சிவந்த செவுள்களைக் கண்டதும் ஆராய்ச்சி முடிந்தது போலும்! ஒப்பிட்டுப் பார்க்க மாண்டகுவின் மூல மாதிரியும் எஞ்சவில்லை. 2003ஆம் ஆண்டில் ஹட்சிங்ஸ் என்னும் ஆஸ்திரேலிய அறிஞரும் அவருடைய உடனாய்வாளரும் இங்கிலாந்துக் கரைப் புழு ஒன்றைப் புதிய மூல மாதிரியாக நிறுவினர். அதனோடு ஒப்பிட்டபின், கிழக்கு ஆஸ்திரேலியக் கரைப் புழு வேறு சிற்றினம் எனத் துணிந்து, 'முல்லாவா' எனப் பெயரிட்டனர்.

பிரான்சு நாட்டு ஆர்க்கஷோன் விரிகுடாவில் மீனவர் இரைக்காகத் தோண்டும் புழுவும் வேறே. 2017இல் அது 'விக்டோரி' எனப் பெயர் பெற்றது. மறு ஆண்டு சீனக் கரைப் புழு ஒன்றிற்கு 'புல்லா' என்று பெயரிட்டனர். மரபணுக்களை ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே எனத் தெரிந்தது. ஜப்பானிலும் அதுவே வாழ்கின்றது. முந்திய பெயரே நிற்கும் என்பது விதியாதலின், 2020இல் 'புல்லா' நீங்கிற்று. பிரான்சுப் புழு ஆசியாவிலிருந்து குடியேறியது என்பதும் அப்போது உறுதியாயிற்று. 1970களில் ஜப்பானியச் சிப்பிகள் அந்நாட்டிற்குப் பெருமளவில் இறக்குமதியாயின. அவற்றோடு இதுவும் வந்திருக்கலாம்.

பழைய பெயரே நீடித்திருப்பின், வந்தேறியை மண்ணின் உயிர் என்றே கருதியிருப்போம். மாணவர்களே, இதனைப் பெயர்ச்சண்டை என்று தள்ளலாமா? ஒரு கரையில் எவ்வளவு புழு தோண்டலாம் என்று அரசு வரையறுக்க முற்பட்டால், அதன் முதல் வினா, அது எந்தப் புழு என்பதன்றோ?