எழுந்து நடக்க வைப்பவர்கள் எங்கே?

மாசி பிறந்துவிட்டால் நத்தம் சுற்றுவட்டாரத்தில் புளி உலுக்கும் காலம் வந்துவிடும். அது ஓய்ந்த கையோடு மாங்காய்ப் பருவம். இரண்டுக்கும் மரம் ஏற ஆள் வேண்டும். கிளை முறிந்தோ, கால் வழுக்கியோ கீழே விழுபவருக்குச் சில சமயம் கை ஒடியும். சில சமயம் உயிரே போகும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது கதி ஒன்று உண்டு. முதுகுத் தண்டு நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வற்று, கட்டிலோடு கிடப்பது. ஐந்து பேருக்குச் சோறு போட்டவர், ஐந்து பேர் கையை எதிர்பார்ப்பவர் ஆகிவிடுகிறார்.

நம் நாட்டில் தண்டுவடச் சேதத்துக்கு முக்கியமான காரணங்கள் சாலை விபத்தும், உயரத்திலிருந்து விழுவதும்தான். நத்தத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. மதுரையிலிருந்து நத்தம் வழியாகத் துவரங்குறிச்சி செல்லும் சாலை இன்று தேசிய நெடுஞ்சாலை. அதன் மதுரை முனையில் 7.3 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பயண நேரம் குறைந்தது நல்லதே. ஆனால் வேகம் கூடும் இடத்தில் விபத்தின் கொடுமையும் கூடும் என்பதை மறுக்க முடியுமா? இவை போதாதென்று ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் கொண்டுவந்து விடுகிற பக்கவாதம் வேறு இருக்கிறது.

பிழைத்தார்கள், பிறகு?

உயிரைக் காக்கும் வேலையில் தமிழகம் முன்னேறியிருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நியாயமாகாது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டம் 2021 டிசம்பர் 18ல் தொடங்கியது. திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்து, 2022 ஜனவரியில் திறப்பு விழாவும் நடந்தது. மதுரையில் ராஜாஜி ஆஸ்பத்திரி பல காலமாகத் தென் மாவட்டங்களுக்கே அடைக்கலமாக இருந்து வருகிறது. ரத்தக் கட்டியால் வந்த பக்கவாதமானால், நாலரை மணி நேரத்துக்குள் தகுந்த நோயாளிக்கு மருந்து ஏற்றிக் கட்டியைக் கரைக்கவும் வழி இருக்கிறது.

ஆகவே முன்பு மாண்டிருக்கக் கூடியவர் பலர் இன்று பிழைத்து ஊர் திரும்புகின்றனர். திரும்பிய பிறகு என்ன என்பதுதான் இப்போதைய கேள்வி.

இதற்கும் அரசு ஓரளவு வழி செய்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்", மாத்திரைகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பிசியோதெரபி என்னும் இயன்முறை சிகிச்சையையும் படுக்கை அருகே கொண்டுவந்தது. வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பது ஏற்பாடு. 2024ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நத்தம் ஒன்றியத்தை நினைத்துப் பாருங்கள். ரயில் இல்லாத ஊர். கரந்தமலைச் சரிவில் பல கிராமங்கள். தேர்தலுக்கு வாக்கு இயந்திரத்தைக் குதிரை முதுகில் ஏற்றிச் சென்ற மலையூரும் இந்தப் பக்கம்தான். ஒருவரே இத்தனை வீடுகளையும் எட்டவேண்டும். எட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். மூட்டு வலிக்கும், கழுத்து வலிக்கும், பக்கவாதத்துக்கும், தண்டுவடச் சேதத்துக்கும் அவர் ஒருவரே வைத்தியர். இத்தனைக்கும் அவரை யார் தயார் செய்தார்கள்?

மூட்டு வேறு, நரம்பு வேறு

பயிற்சி என்றால் கையைத் தூக்கு, காலை மடக்கு என்பதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு.

பக்கவாதம் வந்தவரின் செயலற்ற கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. அன்பால் செய்வதுதான். ஆனால் தோளைத் தாங்கும் தசை சோர்ந்து கிடக்கும்போது இப்படி இழுத்தால் மூட்டு நழுவும். பிறகு மாதக் கணக்கில் வலி. மூளையின் வலப் பக்கம் அடிபட்ட சிலருக்கு இடப் பக்கம் என்று ஓர் உலகம் இருப்பதே மறந்து போகிறது. தட்டின் இடப் பாதியில் இருக்கும் சோற்றைத் தொடாமல், "எனக்குப் பரிமாறவில்லை" என்பார்கள். அதைப் பிடிவாதம் என்று நினைத்து வீட்டார் ஏசுவதும் உண்டு. நெஞ்சுக்கு மேலே தண்டுவடம் சேதமானவருக்கு, சிறுநீர்ப் பை நிரம்பி அடைத்துக்கொண்டால்கூட ரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏறலாம். தலை வெடிப்பது போன்ற வலி அதன் அறிகுறி. அதைக் கண்டவுடன் நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, அடைப்பை நீக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு உலக அளவிலான சான்றும் இருக்கிறது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியை அடிக்கடி எழுப்பி நடமாட விட்டால் நல்லது என்று பலர் நம்பினார்கள். ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2015ல் வெளிவந்தது. அப்படி மிகுதியாக எழுப்பியவர்களுக்கு நற்பலன் குறைந்தே இருந்தது! எப்போது, எவ்வளவு என்ற நிதானம் புத்தகத்தால் மட்டும் வருவதல்ல. அனுபவசாலியின் பக்கத்தில் நின்று பழகினால்தான் வரும்.

வீட்டாரே செய்தால் என்ன?

"இவ்வளவு நிபுணர்களுக்கு எங்கே போவது? வீட்டாருக்கே சொல்லிக் கொடுத்துவிட்டால் போயிற்று" என்பது ஒரு யோசனை. இதையும் நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பகுதியினரின் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்தனர். 2017ல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ்பவர்களும் இரு பக்கமும் ஒரே அளவு: நூற்றுக்கு 47. குடும்பத்தின் துணை தேவையில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. குடும்பத்தை மட்டும் நம்பித் திட்டம் போட முடியாது என்பதே பொருள்.

ரெசிடென்ஸி என்பது என்ன?

டாக்டர்கள் விஷயத்தில் இந்தப் பிரச்னைக்கு நூறாண்டுகளுக்கு முன்பே விடை கண்டார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், இளம் டாக்டர்கள் அங்கேயே குடியிருந்து, மூத்தவர்களின் கண்காணிப்பில் நோயாளிகளைப் பார்த்துக் கற்கும் முறை உருவானது. குடியிருந்து கற்றதால் அதற்கு ரெசிடென்ஸி என்று பெயர். அதே முறையைப் பிறகு பிசியோதெரபிக்கும் கொண்டுவந்தார்கள். நரம்பியல் உட்பட ஒவ்வொரு துறைக்கும் தனி ரெசிடென்ஸி அங்கே உண்டு. சுமார் ஓராண்டு, நோயாளிகளைப் பார்ப்பதில் குறைந்தது 1,500 மணி நேரம், அதில் 150 மணி நேரமாவது குருவின் வழிகாட்டுதல் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.

நம்மிடம் என்ன இருக்கிறது? எம்.பி.டி. என்ற இரண்டாண்டு முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதில் நரம்பியலும் ஒரு பிரிவு. பாடம், ஆராய்ச்சிக் கட்டுரை, பரீட்சை எல்லாம் உண்டு. நல்ல படிப்புதான். ஆனால் அது பட்டப் படிப்பு. பெரும்பாலோர் தனியார் கல்லூரியில் கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள். ரெசிடெண்டோ சம்பளம் வாங்கிக்கொண்டு நோயாளிக்குப் பொறுப்பேற்பவர். வித்தியாசம் அங்கேதான்.

வேலூர் காட்டிய வழி

இந்தத் துறை நமக்குப் புதிதல்ல. இளம்பிள்ளை வாதம் பம்பாயை வாட்டிய பிறகு, 1953ல் அங்கே கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பள்ளி வந்தது. தமிழகத்துக்கு அதைவிடப் பெரிய பெருமை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் தண்டுவடம் சேதமாகி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நாற்காலியில் இருந்த பெண்மணி பிறரை எழுந்து நிற்க வைத்த மண் இது!

பட்டமா, பயிற்சியா?

2021ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்தால் பிசியோதெரபி உள்ளிட்ட தொழில்களுக்கு ஒரு தேசிய கமிஷன் ஏற்பட்டது. பாடத்திட்டத்தை நாடு முழுவதும் ஒழுங்குபடுத்தும் வேலையை அது தொடங்கியிருக்கிறது. இந்த நேரத்தில் நாட்டில் பெரிதாக எழுந்த சர்ச்சை எது தெரியுமா? பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன் "டாக்டர்" என்று போடலாமா என்பது! 2025 செப்டம்பரில் போடக்கூடாது என்று டில்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மறுநாளே அது திரும்பப் பெறப்பட்டது. பெயருக்கு முன் என்ன இருக்கிறது என்பது கட்டிலில் கிடப்பவருக்கு இரண்டாவது கவலை. கைக்குள் என்ன வித்தை இருக்கிறது என்பதே அவருக்கு முதல் கவலை.

"சாதாரண பிசியோதெரபிஸ்டுகளே போதவில்லை, நிபுணரை உண்டாக்கினால் அவர் நகரத்துக்கோ, கடல் கடந்தோ போய்விடுவார்" என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபணைதான். அதனால்தான் இந்தப் பயிற்சியை மாவட்டத்தோடு பிணைக்க வேண்டும். மதுரை, திண்டுக்கல் மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக்குச் சிலரையாவது உதவித்தொகையுடன் சேர்க்கலாம். எட்டு மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் பக்கவாத, தண்டுவட வார்டுகள். நாலு மாதம் நத்தம் போன்ற தாலுகாவில், வீடு வீடாக. முடித்தவர் சில ஆண்டுகள் மாவட்டத்திலேயே பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்.

எல்லா நோயாளியையும் அவரே பார்க்க வேண்டும் என்பதில்லை. மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தால்கூட, வட்டாரப் பிசியோதெரபிஸ்டுகள் சிக்கலான நோயாளியைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் கிடைக்கும். கைப்பேசியில் நடையைப் படம் பிடித்து அனுப்பினால் திருத்திச் சொல்ல ஒருவர் இருப்பார். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகளை ஏற்றுகிற வேலை இது.

மாமரத்தில் ஏறியவர் விழாமல் இருக்கக் கயிறும் கவனமும் வேண்டும். அது முதல் கடமை. விழுந்தவரை 48 மணி நேரம் காப்பது இரண்டாவது கடமை. இரண்டையும் செய்துவிட்டு, 49வது மணியிலிருந்து அவரைத் திண்ணையில் கிடத்திவிட்டுப் போவது எந்த வகை நியாயம்? பிழைத்தவர் தன் காலில் நின்று, தன் தோப்புக்குத் தானே நடந்து போகும் அன்றுதான் நாம் காப்பாற்றிய உயிர் முழு உயிர் ஆகும்.