ஊர் கரைந்தாலும் உயிர் கரையுமோ?

ஆறு கடலிற் கலந்தபின் அதற்குத் தனிப்பெயர் இல்லை. சிற்றூர் பெருநகரிற் கலக்கும்போதும் நிகழ்வது இதுவே என்பது பலரும் கொண்டுள்ள எண்ணம். எல்லைக்கல் பெயர்க்கப்படுகிறது, ஊராட்சி கலைக்கப்படுகிறது, இரண்டு தலைமுறை கழிந்ததும் அவ்விடத்தில் ஓர் ஊர் இருந்ததென்பதே மறந்துபோகிறது. இது பெரும்பான்மை உண்மை. ஆயினும் முழு உண்மையன்று. ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா மாநகரின் நடுவே அமைந்த கிராசியா என்னும் பகுதி இதற்கொரு விதிவிலக்காக நிற்கிறது. அவ்விதிவிலக்கு எவ்வாறு வாய்த்தது என்பதையும், இன்று அதனைச் சூழ்ந்துள்ள இடர் யாது என்பதையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதிலுக்கு வெளியே பிறந்த ஊர்

1626இல் நிறுவப்பட்ட அருளன்னை கிறித்தவத் துறவியர் மடமே இவ்வூருக்குப் பெயர் தந்தது. 'கிராசியா' என்னும் சொல்லுக்கு அருள் என்பது பொருள். அக்காலப் பார்சிலோனா மதில் சூழ்ந்த படைநகரம். பகைவர்க்கு மறைவிடம் ஆகலாகாது என்பதற்காக, மதிலிலிருந்து பீரங்கிக் குண்டு பாயும் தொலைவுவரை எவரும் வீடு கட்டலாகாது என்பது விதி. உள்ளே மக்கள் நெருக்குண்டனர். வெளியே நிலம் வெறிச்சோடிக் கிடந்தது. அவ்வெற்றுவெளிக்கு அப்பால், மலைச்சாரலை நோக்கிய நிலத்தில் கிராசியா வளர்ந்தது. நூற்பாலைகளும் கைவினைக் கூடங்களும் எழுந்தன, உழைப்பாளர் குடியேறினர். 1827இல் அமைந்த கிராசியா பெருவீதி ஊரையும் நகரையும் இணைத்தது. 1850இல் கிராசியா தனி நகராட்சியாயிற்று.

ஊர் அமைந்த முறையும் நோக்கத்தக்கது. நிலவுடைமையாளர் தத்தம் நிலத்தை மனைகளாகப் பிரித்தபோது, சிறு தெருக்களையும் அவற்றின் நடுவே சதுக்கங்களையும் வகுத்தனர். நகை வணிகர் ஒருவர் தம் நிலத்தில் அமைந்த சதுக்கத்திற்கு 'வைரம்' என்றும், அண்டைத் தெருக்களுக்கு 'முத்து', 'மாணிக்கம்', 'புட்பராகம்', 'தங்கம்' என்றும் பெயரிட்டார். பிற்காலத்தில் வேறு தெருக்கள் 'விடுதலை' என்றும் 'உடன்பிறப்புணர்வு' என்றும் பெயர் பெற்றன. ஓர் ஊரின் தெருப்பெயர்களே அதன் உள்ளத்தைக் காட்டிவிடும் அன்றோ!

மணி ஒலித்த நாள்கள்

கிராசியாவின் நடுச்சதுக்கத்தில் 33 மீட்டர் உயர்ந்த மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. அந்தோனி ரொவீரா இ திரியாஸ் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்தது, 1864இல் நிறைவுற்றது. 1870 ஏப்ரலில், ஏழை வீட்டு இளைஞரைக் கட்டாயமாகப் படையிற் சேர்க்கும் ஆணையை எதிர்த்து ஊரார் கிளர்ந்தெழுந்தனர். பணம் செலுத்தியோர் விலக்குப் பெறலாம் என்பது அம்முறையின் கொடுமை. படைத்தலைவர் கமிந்தேயின் பீரங்கிகள் ஊரைத் தாக்கியபோதும் மணி ஒலித்துக்கொண்டே இருந்ததாகக் கூறுவர். கிளர்ச்சி அடங்கிற்று, மணியோசை அடங்கவில்லை. அவ்வாண்டே 'கிராசியாவின் மணி' என்னும் பெயருடன் கத்தலான் மொழியில் ஓர் அங்கத வார இதழ் தோன்றி, 1934 வரை வெளிவந்தது.

இம்மணிக்கூண்டை வகுத்த ரொவீராவின் வாழ்விலும் ஒரு படிப்பினை உண்டு. 1854இல் மதில்கள் இடிக்கப்படத் தொடங்கியபின், நகரை விரிவாக்கும் திட்டத்திற்காக 1859இல் பார்சிலோனா நகராட்சி நடத்திய போட்டியில் வென்றவர் இவரே. ஆயினும் மத்ரித் நடுவணரசு இல்தெஃபோன்ஸ் செர்தாவின் திட்டத்தையே நிலைநாட்டிற்று. அளந்து வைத்த சதுரங்கப் பலகைபோல் நகரம் வெற்றுவெளியெங்கும் பரவி, இறுதியில் கிராசியாவின் வாயிலைத் தொட்டது. நேர்கோட்டு வீதிகளில் நடந்து வருவோர், தெருக்கள் திடுமெனக் குறுகும் இடத்தில் பழைய ஊர் தொடங்குவதை இன்றும் உணரலாம்.

ஆணையால் வந்த இணைப்பு

1897 ஏப்ரல் 20ஆம் நாள் பிறந்த அரசாணையால் கிராசியா உள்ளிட்ட ஆறு ஊர்கள் பார்சிலோனாவுடன் இணைக்கப்பட்டன. அப்போது கிராசியா அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர். மக்கள் எதிர்ப்பு பொருட்படுத்தப்படவில்லை.

இவ்விணைப்பு முற்றும் தீங்கே என்று கூறுதல் நடுநிலைமை ஆகாது. வீதியும் கழிவுநீர்க் கால்வாயும் ஊரெல்லை பார்த்துச் செல்வன அல்ல. 1924 இறுதியில் திறக்கப்பட்ட நிலத்தடி இருப்புப்பாதை நகரின் நடுவிடத்தைக் கிராசியாவின் லெசெப்ஸ் சதுக்கத்தோடு இணைத்தது. ஆயினும், நன்மை செய்வோரும் கேட்டுச் செய்தல் வேண்டும். கேளாமற் கொடுக்கும் கொடையிலும் ஒரு கொள்ளை ஒளிந்திருக்கிறது என்பதே எம் கருத்து.

பொதுவாழ்வே அரண்

நகராட்சி போனபின்னும் ஊர் போகாதது எதனால்? ஊர் மன்றத்தைக் கலைக்க ஆணை போதும். ஊராரின் கூட்டுறவைக் கலைக்க எந்த ஆணையாலும் இயலாது என்பதே விடை. 1855இல் தோன்றிய லூயீசர் சங்கமும், 1904இல் தோன்றிய கிராசியா இசைமன்றமும் இன்றளவும் இயங்குகின்றன. ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் எழுப்பும் குழு ஒன்று 1990களில் அமைந்தது.

எல்லாவற்றிலும் சிறந்த சான்று ஆகஸ்ட் 15 முதல் நிகழும் ஊர்த்திருவிழா. அப்போது ஒவ்வொரு தெருவையும் அத்தெருவாரே அணி செய்கின்றனர். கழிவுத்தாள், வெற்றுப் புட்டி, அட்டைப்பெட்டி ஆகியவற்றைக் கொண்டு பல மாதங்கள் மாலைதோறும் கூடியிருந்து காடும் கடலும் கட்டியெழுப்புவர். சிறந்த தெருவுக்குப் பரிசும் உண்டு. பரிசினும் பெரிது அம்மாதங்களில் முதியவரும் சிறுவரும் ஒரே மேசையில் அமர்ந்து தாள் வெட்டியது.

இக்கூட்டுறவு விழாவோடு நின்றதன்று. 1936–39 உள்நாட்டுப் போரின்போது வானிலிருந்து குண்டு பொழிந்த வேளையில், வைரச் சதுக்கத்தின் அடியில் ஊரார் தம் உழைப்பால் 12 மீட்டர் ஆழத்தில் புகலிடம் அகழ்ந்தனர். மறந்துபோன அப்புகலிடம் 1992இல் மீண்டும் கண்டறியப்பட்டது. இதே சதுக்கத்தில் திருவிழா நடனத்தோடு தொடங்கும் புதினத்தை மெர்சே ரொதொரேதா 1962இல் கத்தலான் மொழியில் வெளியிட்டார். தாய்நாடு துறந்து ஜெனீவாவில் வாழ்ந்த காலத்தில், ஓர் எளிய பெண்ணின் வாழ்வாகப் போரையும் வறுமையையும் அவர் எழுதினார். ஊரை நீங்கியவரின் நெஞ்சிலும் ஊர் வாழ்ந்தது.

வந்தோரை ஏற்ற ஊர்

கட்டுப்பாடற்ற வாழ்வை விரும்பும் கலைஞரை மேலைநாட்டார் 'பொஹீமியர்' என்பர். கிராசியாவுக்கும் அப்பெயர் வழங்குகிறது. ஆனால் கலைஞர் வந்ததால் இவ்வூர் இனிதாயிற்று என்பது தலைகீழான கூற்று. ஆலைகள் மூடப்பட்டன, பழைய வீடுகளின் வாடகை குறைவாக இருந்தது, சதுக்கங்களில் பேசுவதற்கு ஆள் இருந்தனர். ஆகவே கலைஞரும் மாணவரும் வந்தனர். உழைப்பாளர் சமைத்த நிழலில் கலைஞர் இளைப்பாறினர் என்பதே உண்மை.

அவர்களுக்கு முன்பே வந்தோரும் உளர். தலைமுறைகளாக இங்கு வாழும் ரோமானி மக்கள் தம் பண்ணொடு கத்தலான் வாழ்வைக் கலந்து 'ரும்பா' இசைவகையை வளர்த்தனர். பழைய நூற்பாலையின் புகைபோக்கி நிற்கும் சதுக்கம் இன்று 'ரோமானி மக்கள் சதுக்கம்' எனப்படுகிறது. அந்தோனி கௌடி 1883–85 காலத்தில் இங்கு எழுப்பிய வீசென்ஸ் இல்லமும் இவ்வகையில் நம் கருத்தை ஈர்க்கிறது. வண்ண ஓடுகளும் வடிவக் கோலங்களுமாக விளங்கும் அவ்வில்லம், கிறித்தவ ஆட்சியின்கீழ் வாழ்ந்த ஸ்பானிய முஸ்லிம் கைவினைஞரின் 'முதேஹர்' மரபைத் தழுவியது. கௌடியின் முதற்பெரும் படைப்புகளுள் ஒன்றாகிய அதனை 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக ஏற்றது. ஆட்சி நீங்கியபின்னும் கைத்திறன் நீங்குவதில்லை. நூற்றாண்டுகள் கடந்தும் அயலான் ஒருவன் சுவரில் அது மலர்கிறது.

இன்றைய இடர்

1897இன் ஆணை செய்ய இயலாததை இன்று வாடகை செய்யத் தொடங்கியுள்ளது. ஊரின் அழகு உலகெங்கும் பேசப்பட, வீடுகள் சில நாள் தங்குவோருக்கான விடுதிகளாகின்றன, வாடகை உயர்கிறது, பிறந்து வளர்ந்தோர் வெளியேறுகின்றனர். மாநகரத்தின் 10,101 சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களையும் 2028 நவம்பருக்குப்பின் நீட்டிப்பதில்லை எனப் பார்சிலோனா மேயர் ஜவுமே கொல்போனி 2024இல் அறிவித்தது இக்காரணத்தாலேயே.

இதனை எதிர்ப்போர் கூறுவதிலும் பொருள் உண்டு. வருவோரால் வணிகம் செழிக்கிறது. தன் உடைமையைத் தான் விரும்பியவாறு வாடகைக்கு விட உரிமையாளருக்கு உரிமை உண்டு. மாற்றத்தைத் தடுப்பது பேதைமை என்பர். நன்று. ஆனால் விருந்தினர் காண வருவது எதனை? தெருவார் கட்டிய தோரணத்தையும் சதுக்கத்தில் ஆடும் சிறுவரையும் அல்லவா? அத்தெருவாரே இல்லாதபோது தோரணம் கட்டுவார் யார்? விதைநெல்லைக் குற்றி விருந்திடுவது ஒரு நாளைக்கு வளம்; மறு ஆண்டு வயலுக்கு வறுமை. ஆதலின் குடியிருப்போரின் உரிமையை முதற்கண் காக்கும் சட்டம் மாற்றத்திற்குப் பகையன்று. வேருக்கு வார்க்கும் நீர்.

மணிக்கூண்டு நிற்கும் சதுக்கத்திற்கு முன்பு பார்சிலோனா மேயர் ஒருவரின் பெயர் வழங்கிற்று. 2009இல் அது 'கிராசியா ஊர்ச் சதுக்கம்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. தனி நகராட்சியாக 47 ஆண்டுகளே இருந்த ஊர், அதனை இழந்து நூறாண்டு கடந்தபின் தன் பெயரை மீட்டுக்கொண்டது. பெயரை மீட்டவர்கள் வீட்டையும் காத்துக்கொள்வார்களாயின், பெருமை கிராசியாவுக்கு மட்டும் உரியதன்று. பெருநகரின் அணைப்பில் திணறும் சிற்றூர் ஒவ்வொன்றுக்கும் உரியது. ஊர் என்பது மண்ணும் சுவரும் அன்று. கூடி உழைக்கும் நெஞ்சங்களே ஊர். அந்நெஞ்சங்களுக்குக் குடியிருக்க ஒரு கூரை உள்ளவரை, ஊர் கரைந்தாலும் உயிர் கரையாது.