எத்தனை கிலோ குறையும் என்று மட்டும் கேட்காதீர்கள்

எடை குறைப்பு அறுவை சிகிச்சை என்ற பேச்சு எழுந்தாலே, "அவருக்கு எத்தனை கிலோ குறைந்தது?" என்றுதான் முதலில் கேட்கிறோம். பிறகு, உறவினர் செய்துகொண்ட அதே சிகிச்சையை நாமும் கேட்டு மருத்துவமனைக்குப் போகிறோம். இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். இந்தத் தேர்வு நாளை உங்கள் குடும்பத்துக்கும் வரலாம்.

இன்று பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. முதலாவது, 'ஸ்லீவ்'. இரைப்பையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வெட்டியெடுத்து, மீதியை வாழைப்பழ வடிவக் குழாயாக்குவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைப் பெருமளவில் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். இரண்டாவது, 'பைபாஸ்'. இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பார்கள். உணவு மீதி இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தொடாமலே கடந்துவிடும்.

எடையைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 2018இல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு தெரிந்தது நெஞ்செரிச்சலில். முன்பே அமிலம் மேலேறும் தொல்லை இருந்தவர்களில், ஸ்லீவ் செய்துகொண்ட 32 விழுக்காட்டினருக்கு அது மோசமடைந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் 6 விழுக்காட்டினருக்கு மட்டுமே. இரவில் நெஞ்சு எரிந்து எழுந்து உட்காருபவருக்கு, கிலோ கணக்கைவிட இந்த எண்தான் முக்கியம்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பைபாஸ் பொதுவாகக் கூடுதல் நன்மை தரும். உணவு விரைவில் குடலின் கீழ்ப்பகுதியை அடைவதால், இன்சுலினைத் தூண்டும் ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன. எடை குறையும் முன்பே, சில நாள்களில் சர்க்கரை அளவு இறங்குவதுண்டு.

அப்படியானால் எல்லாருக்கும் பைபாஸே போதுமா? செரிமானப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். இரும்புச் சத்தும் கால்சியமும் பெரும்பாலும் முன்சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகின்றன. பைபாஸில் உணவு அந்த வழியே போவதில்லை. வைட்டமின் பி12 உடலில் சேர, இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் தேவை. நம்மில் சைவ உணவுக்காரர்களுக்கு பி12 முன்பே குறைவாக இருக்கக்கூடும். ஸ்லீவுக்குப் பின்னும் சத்து மாத்திரைகள் தேவைதான். பைபாஸுக்குப் பின் அவற்றை ஆயுள் முழுக்க விடவே முடியாது. இனிப்பு மிகுந்த தே தாரேக் ஒரு குவளை குடித்தாலே சிலருக்கு மயக்கமும் வயிற்றுப்போக்கும் வரும். மூட்டுவலிக்காக ஐபுபுரோபன் போன்ற மாத்திரைகளை அடிக்கடி விழுங்குபவருக்கு, இணைப்பு வைத்த இடத்தில் புண் உண்டாகும் அபாயமும் உண்டு.

ஆகவே மருத்துவரிடம் உங்கள் நெஞ்செரிச்சல், சர்க்கரை அளவு, உணவுப் பழக்கம், தினமும் விழுங்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அதன்பின், "என் உடலுக்கு எது, ஏன்?" என்று கேளுங்கள். இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு விளக்காமல் ஒன்றையே வலியுறுத்தினால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிடுங்கள். வெட்டியெடுத்த இரைப்பை திரும்ப வளராது. யோசிக்க இன்னும் சில வாரங்கள் எடுத்துக்கொள்வதில் நட்டமில்லை.